உடல் வழியான உளச்சிகிச்சையும் அதற்கான விதிகளும்: வட மாகாண உளநல சேவைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணத்தின் உளநல சேவைகளைத் திட்டமிடுகின்ற சுகாதார அதிகாரிகளுக்கும், உளநல மருத்துவர்களுக்கும், மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வன்னிப் பகுதியில் உளவளத்துணையாளராகப் பணியாற்றுகின்ற ஒருவர் என்ற நிலையிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். நீண்ட காலமாக, திரும்பத் திரும்ப, தப்பிக்க வழியில்லாத நிலையில் வன்முறைக்கும் இழப்புக்கும் உள்ளான வளர்ந்தவர்களுக்கு, பேச்சு வழியான துணையோடு, அசைவையும் உடலுணர்வைக் கவனிப்பதையும் வழியாகக் கொண்ட உடல் வழியான உளச்சிகிச்சையும் கிடைக்க வேண்டும் என்பது எனது முதற் கோரிக்கை. அந்தச் சிகிச்சை அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளுக்குள், எழுதப்பட்ட பாதுகாப்பு விதிகளுடன், பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற நிரந்தர ஊழியர்களால் வழங்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. இவ்விரண்டையும் நான் பிரித்துக் கேட்கவில்லை. விதிகளும் மேற்பார்வையும் இல்லாமல் பயிற்சி மட்டும் வருமாயின், அது வராமலிருப்பதே எமது மக்களுக்கு நல்லது.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இவர்களை உளநலப் பிரிவில் தேடினால் அதிகம் காணமுடியாது. வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் விடியற்காலையிலேயே வந்து அமர்ந்திருப்பார்கள். நாரி (இடுப்பு) நோ, தலையிடி, நெஞ்சு அடைப்பு, கைகால் விறைப்பு, வயிற்றெரிவு, மூச்சு முட்டுதல், நித்திரையின்மை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் முறைப்பாடுகள் அவர்களின் கிளினிக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஈசிஜி பிழையில்லை, இரத்தப் பரிசோதனை பிழையில்லை, ஸ்கானிலும் ஒன்றுமில்லை. பனடோலும் வயிற்றெரிவுக்கு ஒரு குளிசையும் விற்றமினும் எழுதிக் கொடுக்கப்பட்டு, “உங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, கனக்க யோசிக்காதையுங்கோ” என்ற அறிவுரையோடு வீடு போகிறார்கள். அடுத்த மாதம் அதே வாங்கில் மறுபடியும் இருக்கிறார்கள். ஒரு காலைப்பொழுதில் எண்ணிலடங்காதவர்களைப் பார்த்து முடிக்க வேண்டிய வைத்தியரைக் குறை கூற இதை எழுதவில்லை; அவர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போர் முடிந்த கையோடு, 2009 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று, 7 சதவீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளையும், 22.2 சதவீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 32.6 சதவீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளையும் கண்டறிந்தது. அந்த 7 சதவீதத்தைச் சுட்டிக்காட்டி, பிரச்சினை பயந்த அளவுக்குப் பெரியதல்ல என்று வாதிடுவோரும் உண்டு. அந்த ஆய்வு நடந்தது யாழ்ப்பாண மாவட்டத்தில்; இறுதிப் போரைக் கடந்து வந்த வன்னி மக்களில் பெரும்பாலானோர் அப்போது செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அதைவிட முக்கியமாக, ஒரு தனிச் சம்பவத்தின் பின் வருகின்ற மனவடுவை அளப்பதற்கு உருவான கேள்விக்கொத்து, இருபத்தைந்து முப்பது வருடங்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வடுக்களை முழுமையாகப் பிடித்துக்கொள்ளாது.

இந்த வேறுபாட்டை அமெரிக்க உளநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992 இலேயே எடுத்துரைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்களின் பதினோராவது சர்வதேச வகைப்படுத்தலில், சிக்கலான மனவடு நோய் ஒரு தனி நோயாக இடம்பெற்றுள்ளது. பழைய சம்பவங்கள் கண்முன் மீண்டும் நிகழ்வது போலிருத்தல், அவற்றை நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்திருத்தல் ஆகிய வழமையான அறிகுறிகளோடு, உணர்ச்சிகளைத் தன் பிடியில் வைத்திருக்க முடியாமை, தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற ஆழமான எண்ணம், பிறரோடு நெருங்கி வாழ இயலாமை ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதையே அது இவ்வாறு குறிப்பிடுகிறது.

எமது பகுதியில் இதற்கு உதாரணம் தேடி அலையத் தேவையில்லை. 1980 இல் பிறந்த ஒருவர், பால்குடி மாறும் வயதில் தொடங்கிய போருக்குள்ளேயே வளர்ந்து, 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்த இடப்பெயர்வில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, 2004 டிசம்பர் 26 இல் கடலிடம் உறவுகளைக் கொடுத்து, 2009 இல் பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்து, பின்னர் முகாமிலோ தடுப்புக் காவலிலோ இருந்து, இன்றுவரை காணாமலாக்கப்பட்ட சகோதரனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றால் அதில் எவருக்கும் வியப்பில்லை. இவற்றோடு போரின் கணக்கில் சேராதவையும் இருக்கின்றன: சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே நடந்த பாலியல் துன்புறுத்தல், கசிப்புக் குடித்துவிட்டு வரும் கணவனின் அடி, பாடசாலையில் வாங்கிய பிரம்படி. உடலைப் பொறுத்தவரை இவை தனித்தனிக் கோவைகளில் இல்லை.

பேச்சு மட்டும் ஏன் போதாது என்ற கேள்வி நியாயமானது. என் தொழிலே பேச்சை நம்பியது என்பதால் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்குக் கூடுதலாகவே இருக்கிறது. உயிராபத்து நேரும்போது உடல் எதிர்க்கவோ ஓடவோ ஆயத்தமாகிறது. இரண்டுக்கும் வழியில்லாதபோது விறைத்துப் போகிறது. இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், குடலின் அசைவு ஆகியவற்றை எமது விருப்பத்தைக் கேளாமலே இயக்குகின்ற தன்னியக்க நரம்புத் தொகுதிதான் இதைச் செய்கிறது. இது ஒருமுறை நடந்தால் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. வருடக்கணக்காக நடந்தால், ஆபத்து இல்லாத இடத்திலும் உடல் அதே ஆயத்தத்தில் இருந்துவிடுகிறது. “இப்போது சண்டை இல்லை, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்” என்று நான் சொல்வதை என் முன்னே இருப்பவர் அறிவால் ஏற்றுக்கொள்கிறார். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றதும் அவருடைய தோள்கள் காதுவரை உயர்ந்துவிடுகின்றன.

எமது மண்ணுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தங்கள் கதையை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, 2016 இன் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம், இடையிடையே தொண்டு நிறுவனங்கள், ஊடகவியலாளர்கள், வெளிநாட்டு ஆய்வாளர்கள் என்று எல்லோருக்கும் அதே கதையை, அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட வீதியோரப் பந்தலில் அமர்ந்த தாய்மார் அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். “சொல்லிச் சொல்லி வாயும் உளைஞ்சு போச்சு” என்பவரிடம், மனம் விட்டுப் பேசினால் ஆறுதல் வரும் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? அவருக்கு இப்போது வேண்டியது கதையை மறுபடியும் கேட்கும் ஒருவர் அல்லர். இரவில் இரண்டு மணித்தியாலமாவது கண்ணயரக்கூடிய உடல்தான் அவருக்கு வேண்டும்.

உடல் வழியான சிகிச்சை என்று நான் சொல்வது என்ன என்பதையும் கொஞ்சம் விரிவாகக் கூற வேண்டும், ஏனெனில் இந்தப் பெயரில் பலவும் விற்கப்படுகின்றன. ஆறேழு பெண்கள், முதுகு சாயக்கூடிய கதிரைகள், திறந்த யன்னல், எல்லோருக்கும் தெரியும்படியான கதவு. கதிரைகளை எங்கே போடுவது என்பதை அவரவரே முடிவு செய்வார்கள். கதவுக்கு முதுகு காட்டி இருக்க முடியாதவர் சுவரோரம் போய் இருப்பார், அதற்குக் காரணம் கேட்கப்படுவதில்லை. பாதம் இரண்டும் நிலத்தில் பதிந்திருப்பதைக் கவனிக்கலாம் என்பதுதான் முதல் அழைப்பு. பின்னர் கழுத்தை மெல்லத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்க்கலாம். விரும்பியவர்கள் கைகளைத் தொடையில் ஊன்றி அழுத்தி, எவ்வளவு அழுத்தினால் பிடிக்கிறது, எந்த அளவில் நிறுத்தத் தோன்றுகிறது என்று பார்க்கலாம். ஒருவர் எதுவும் செய்யாமல் ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்துவிட்டுப் போவதும் பங்கேற்பாகவே கொள்ளப்படும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது ஒரு சிகிச்சை போலவே தோன்றாது.

அடையாளம் தெரியாதபடி ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் சில வாரங்கள் அவர் கைப்பையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. கை எங்கே இருக்கிறது, சூடாக இருக்கிறதா குளிராக இருக்கிறதா என்று கேட்டால் “தெரியேல்ல” என்பார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. அடுப்பில் விரல் சுட்டதைக்கூட கொப்புளத்தைப் பார்த்த பின்னரே அறிந்துகொள்பவர் அவர். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், தோளை மேலே உயர்த்திக் கீழே விடும்போது, “இது நோகுது, நான் இதைச் செய்யேல்ல” என்றார். எவரும் கேளாமலே தன் உடலில் நடப்பதை அவர் கவனித்ததும், அதைக் காரணமாக வைத்து ஒரு வேண்டாம் சொன்னதும் அன்றுதான். அந்த ஒரு வசனத்தை நான் பெரிய முன்னேற்றமாகக் குறித்துக்கொண்டேன். நோ குறைந்ததா என்று கேட்டால், இல்லை, அப்போது குறையவில்லை. நித்திரைதான் முதலில் மாறியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை மிகைப்படுத்தாமல் உங்கள் முன் வைக்க வேண்டும். அமெரிக்காவில் பெசல் வான் டெர் கொல்க் தலைமையிலான குழு 2014 இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே சிகிச்சை பெற்றும் மனவடு நோய் நீங்காத 64 பெண்கள் சேர்க்கப்பட்டனர். பத்து வாரங்களின் முடிவில், மனவடுவைக் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்ட யோகாப் பயிற்சியில் இருந்த 31 பேரில் 16 பேர் அந்த நோயின் வரையறைக்குள் அடங்காத நிலையை எட்டியிருந்தனர்; பெண்கள் உடல்நலக் கல்வி வகுப்பில் இருந்த 29 பேரில் அந்நிலையை எட்டியவர்கள் 6 பேர். யோகா அங்கே வேறு சிகிச்சைக்குத் துணையாகவே வழங்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. படையில் பணியாற்றியபோது பாலியல் வன்முறைக்கு உள்ளான 131 பெண்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2023 இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு, இத்தகைய யோகாப் பயிற்சியின் பலன் நிலைபெற்ற பேச்சுச் சிகிச்சை ஒன்றின் பலனுக்கு ஈடாக இருந்ததையும், பாதியில் நிறுத்தாமல் முடித்தவர்கள் யோகாக் குழுவிலேயே கூடுதலாக இருந்ததையும் காட்டியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டாவது செய்திதான். எமது கிளினிக்குகளில் பிரச்சினையே, மூன்றாம் தடவைக்குப் பிறகு வராமல் விடுவதுதான்.

எமது நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வும் உண்டு. ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களின் பின், வடக்குக் கிழக்கில் ஓர் அகதி முகாமில் இருந்த 31 பிள்ளைகளுக்கு, அனுபவத்தைக் கதையாகச் சொல்லும் சிகிச்சை அல்லது தியானமும் தளர்வுப் பயிற்சியும் உள்ளூர்த் துணையாளர்களால் ஆறு அமர்வுகளில் வழங்கப்பட்டன. ஆறு மாதங்களின் பின், கதைசொல்லும் சிகிச்சையில் 81 சதவீதமானோரும், தியான, தளர்வுப் பயிற்சியில் 71 சதவீதமானோரும் நோயிலிருந்து மீண்டிருந்ததாக 2009 இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. அவர்கள் பிள்ளைகள், சம்பவம் நடந்து சில வாரங்களே ஆனதால், தாமாகவே மீண்டிருக்கக்கூடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். எனினும் ஒன்று தெளிவாகிறது: வெளிநாட்டு நிபுணர் வந்து நிற்காமலே, எமது மொழியில், எமது ஆட்களால் இதைச் செய்ய முடியும்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். இத்துறை ஆய்வுகளில் பல சிறியவை. சிலவற்றில் ஒப்பீட்டுக் குழு எதுவும் பெறாமல் காத்திருந்த குழுவாகவே இருந்தது. உடல் வழியான சிகிச்சைகளை விளக்கப் பலர் கையாளுகின்ற பொலிவேகல் கோட்பாடு (மூளையையும் இதயம், குடல் போன்ற உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பை மையமாகக் கொண்டது) உடலியலாளர்களிடையே கடும் விவாதத்துக்கு உள்ளாகியுள்ளது; அதைப் பாடப்புத்தக உண்மை போல எமது ஊழியர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டி, வளர்ந்தவர்களின் மனவடு நோய்க்கு எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும், மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவோடு செய்யப்படும் ஈஎம்டிஆர் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ள நான் கேட்கவில்லை. அவற்றைத் தாங்கும் அளவுக்கு உடல் அமைதிப்படாதவர்களுக்கு ஒரு படியாகவும், ஏனையோருக்கு ஒரு துணையாகவுமே கேட்கிறேன்.

இதை மேற்கிலிருந்து இறக்குமதி செய்ததாக எவரும் எண்ணிவிடக் கூடாது. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் போர்க்காலத்திலேயே மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, சாந்தியாசனம், நாமத்தைத் திரும்பச் சொல்லுதல் ஆகியவற்றை யாழ்ப்பாணத்தில் சிகிச்சையாகப் பயன்படுத்தி, அவற்றைப் பற்றி எழுதியும் வந்திருக்கிறார்கள். இந்துக்களுக்கு ஓங்காரம் என்றால், கத்தோலிக்கருக்கும் இஸ்லாமியருக்கும் அவரவர் வழிபாட்டுச் சொற்கள் என்று வேறுபடுத்திக் கையாண்டதை நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மன்னாரிலும், 1990 இல் வெளியேற்றப்பட்டு மீண்டும் வந்து குடியேறிய முஸ்லிம் கிராமங்களிலும் பணியாற்றும்போது, எல்லோரையும் “ஓம்” சொல்ல வைக்கும் பயிற்சி முதல் நாளிலேயே பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடும்.

இனி விதிகளுக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியது உண்மையில் இதுதான். சாதாரண யோகா வகுப்பில் எவருக்கும் தீங்காகத் தோன்றாத பல விடயங்கள் எங்கள் மக்களுக்குத் தீங்காகின்றன. “கண்ணை மூடுங்கோ, கையைத் தூக்குங்கோ, குப்புறப் படுங்கோ, மூச்சைப் பிடியுங்கோ” என்பவை எவ்வளவு கனிவாகச் சொல்லப்பட்டாலும் கட்டளைகளே. கண்கட்டப்பட்டு விசாரிக்கப்பட்டவருக்குக் கண்ணை மூடுவது ஓய்வல்ல. தலையைப் பையால் மூடி மூச்சுத்திணற வைக்கப்பட்டவரிடம் மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கச் சொல்வது, பயிற்றுநர் அறியாமலே செய்கின்ற கொடுமை. விளக்கை அணைத்த மண்டபத்தில் வரிசையாகத் தரையில் கிடப்பது, இறுதிப் போரில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்குள் கிடந்தவர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. நிலையைத் திருத்துவதற்காகப் பின்னாலிருந்து வந்து இடுப்பைத் தொடுகின்ற ஒரு கை, பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒருவரின் பல மாத முயற்சியை ஒரு நொடியில் அழித்துவிடும்.

ஆகவே விதிகள் எளிமையானவையாக இருக்கலாம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். ஊழியர் எவரும் பங்குபற்றுபவரைத் தொடக் கூடாது. “தொடட்டுமா” என்று கேட்டுவிட்டுத் தொடுவதும் வேண்டாம், ஏனெனில் அதிகாரத்தில் உள்ளவர் கேட்டால் இல்லை என்று சொல்லிப் பழகாதவர்கள் இவர்கள். ஒவ்வொரு அசைவும் “விரும்பினால்”, “வேண்டாமென்றால் விடலாம்” என்ற அழைப்பாகவே சொல்லப்பட வேண்டும். கண்கள் திறந்திருக்கலாம், கதிரையில் இருந்தே எல்லாவற்றையும் செய்யலாம், எந்த நேரமும் எழுந்து வெளியே போகலாம், போனவரைத் தேடி ஒருவர் வெளியே வருவார் என்பது முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். பெண்கள் குழுவைப் பெண்களே நடத்த வேண்டும். முறைப்பாடு செய்ய விரும்புபவர் அந்தப் பிரிவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

உடற்பரிசோதனை முதலில் நடக்க வேண்டும் என்பதை வைத்தியர்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் எமது இடத்தில் இதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. செல் (எறிகணை) துண்டுகளை இன்னும் உடலில் சுமந்துகொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். முதுகெலும்பருகே, முழங்காலில், நெஞ்சில். அவர்களின் நாரி நோவுக்கு மனம் காரணம் என்று கூறி மூச்சுப் பயிற்சிக்கு அனுப்புவது மருத்துவமும் ஆகாது, மரியாதையும் ஆகாது. காலிழந்தவர்களுக்கும், பொய்க்கால் தண்டில் உராய்ந்து புண் வந்தவர்களுக்கும் என்ன அசைவு பொருந்தும் என்று சொல்ல உளவளத்துணையாளரால் முடியாது. இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கூடவே இருக்க வேண்டும். நோய்க்குக் காரணம் மனமா, உடலா என்று பிரித்து இரண்டு கட்டடங்களுக்கு அனுப்பும் பழக்கத்தை இந்த ஒரு சேவையிலாவது நிறுத்திப் பார்க்கலாம்.

ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாடுகளிலிருந்து வந்து நடத்தப்படும் இரண்டு நாள் செயலமர்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உடலை நடுங்கவிட்டு அடக்கிவைத்ததை வெளியே விடும் பயிற்சி என்று சொல்லி, முன்பின் தெரியாத ஐம்பது அறுபது பேரை ஒரு மண்டபத்தில் கூட்டி, மாலையில் சான்றிதழும் கொடுத்து அனுப்பினால், அன்றிரவு நித்திரையின்றித் தவிப்பவரை யார் பார்ப்பது? விமானம் ஏறியவரை அழைக்க முடியாது. அவர் எங்களிடம்தான் வருகிறார், அல்லது எவரிடமும் வராமல் விடுகிறார். சுகாதாரத் திணைக்களத்தின் மண்டபமோ பெயரோ ஊழியரோ பயன்படுத்தப்படும் எந்தப் பயிற்சிக்கும், அதன்பின் குறைந்தது ஆறு மாதத் தொடர்கவனிப்புக்கு ஒழுங்கு உண்டா என்று கேட்டே அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். சான்றிதழ் பெற்ற எமது இளம் உத்தியோகத்தர்களும் அடுத்த வாரமே கிராமத்தில் அதைச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதையும் கவனத்திற்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேண்டியது ஓராண்டாவது நீடிக்கும் பயிற்சி, மாதந்தோறும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை, அத்துடன் தங்கள் சொந்த உடலையும் கவனிக்கும் நேரம். அவர்களும் இதே போரிலிருந்து வந்தவர்கள்தான்.

இந்தச் சிகிச்சையால் ஆகாதவையும் உண்டு. நுண்கடன் வசூலிப்பவர் படலையில் நிற்கும்போது மூச்சை ஆழமாக எடுக்கச் சொல்வதில் பொருளில்லை. விடுவிக்கப்படாத காணியையும், கிடைக்காத பதிலையும், வராத மகனையும் எந்தத் தளர்வுப் பயிற்சியும் ஈடுசெய்யாது. அவற்றைக் கேட்டுப் போராடும் மக்களை அமைதிப்படுத்தும் கருவியாக இதை எவரும் பயன்படுத்தத் தொடங்கினால், நாங்கள் அதில் பங்கெடுக்க மாட்டோம் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

நடைமுறை விடயங்களில் சில சிறியவை போலத் தோன்றினாலும் எல்லாவற்றையும் அவையே தீர்மானிக்கும். குழு கூடும் நாள் அவர்களின் கிளினிக் நாளாகவே இருந்தால் ஒரு பஸ் காசோடு போகும். பின்தங்கிய கிராமங்களிலிருந்து வருபவர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்தே நேரம் குறிக்கப்பட வேண்டும். கையோடு வரும் பிள்ளைக்கு இருக்க ஓர் இடம் வேண்டும். பெயர் எழுதும் இடமெல்லாம் பயமாக இருக்கும் மக்களிடம் தேவைக்கு மேல் விபரம் கேட்கக் கூடாது; தடுப்பில் இருந்தாரா, புனர்வாழ்வு பெற்றாரா என்ற கேள்விகள் பதிவேட்டில் இருக்கவே கூடாது. போரின் பின் முன்னாள் போராளிகள் தடுத்து வைக்கப்பட்ட புனர்வாழ்வு நிலையங்களைக் கடந்து வந்த ஏறத்தாழ 12,000 பேரில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்கள் உளநலப் பிரிவின் பெயர்ப்பலகையைக் கண்டாலே திரும்பிவிடுவார்கள். நாரி நோவுக்கான உடற்பயிற்சி வகுப்பு என்று அழைத்தால் வருவார்கள். முதல் நாளிலேயே இது மனத்துக்கும் சேர்த்துத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று இல்லை என்பது எனது எண்ணம். உளநல மருத்துவர்கள் இதில் வேறுபடக்கூடும், அதை விவாதிக்கலாம்.

ஊழியர் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. திட்டப் பணம் இருக்கும்வரை ஒப்பந்தத்தில் வைத்திருந்து, பணம் முடிந்ததும் உளவளத்துணையாளரை வீட்டுக்கு அனுப்பும் முறை வேறு சேவைகளுக்குப் பொருந்துமோ தெரியாது. ஆட்கள் திடீரென மறைந்துபோவதையே வாழ்நாள் முழுவதும் அனுபவித்தவர்களுக்கு அது பொருந்தாது. நிரந்தர நியமனத்துக்கு வழியில்லையெனில் குறைந்தது மூன்று வருடத்துக்கு உறுதி தாருங்கள்.

முதற்கட்டமாக வன்னியில் ஒரு வைத்தியசாலையிலும் மன்னாரில் ஒரு வைத்தியசாலையிலும் ஓராண்டுக்குத் தொடங்கிப் பார்க்கலாம். வருகை, நித்திரை, நோ, வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் தடவைகள் ஆகியவற்றோடு, இடையில் விட்டவர்களையும், நிலைமை மோசமானவர்களையும் சேர்த்தே பதிய வேண்டும். பாதுகாப்பு விதிகளின் வரைவொன்றை இப்பணியில் உள்ள நாங்கள் சிலர் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் பரிசீலிக்க ஒரு கூட்டத்துக்குத் திகதி குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உளநல மருத்துவர், வெளிநோயாளர் பிரிவு வைத்தியர், இயன்மருத்துவர், தாதியர் ஆகியோரோடு, இந்தக் குழுக்களில் இருந்தவர்களுள் வர விரும்பும் இரண்டு மூன்று பேரும் அதில் அமர வேண்டும். அவர்கள் கூலி வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் என்பதால், அன்றைய நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
உளவளத்துணையாளர் ஒருவர்
வன்னி